கல்லிலிருந்து தகட்டுக்கு: சர்க்கஸ் விலங்குப் படங்களின் வரலாறு

மேலை நாடுகளின் பழைய சர்க்கஸ் சுவரொட்டிகள் இன்று அலுமினியத் தகடுகளில் மறுபதிப்புப் பெற்று, வரவேற்பறைகளையும் குழந்தைகளின் அறைகளையும் உணவகங்களையும் அழகுசெய்கின்றன. சீறிப் பாயும் புலியும் முக்காலியில் அமர்ந்த யானையும் காண்போரின் கண்ணைக் கவர்கின்றன. ஆயினும், வீட்டுச் சுவரை அலங்கரிக்கும் நோக்கத்தோடு வரையப்பட்டவை அல்ல இப்படங்கள். சில வாரங்கள் தெருச் சுவரில் ஒட்டியிருந்து, பின்னர் மழையிலும் வெயிலிலும் அழிந்துபோகும் விளம்பரங்களாகவே அவை அச்சிடப்பட்டன. அழிவதற்கென்று பிறந்த காகிதம் அழியாத தகடாக மாறிய வரலாறு, அப்படங்களில் இடம்பெற்ற விலங்குகளின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கின்றது.

கல்லச்சும் கூடாரமும்

1768ஆம் ஆண்டில் பிலிப் ஆஸ்ட்லி என்பார் இலண்டனில் வட்டக் களம் அமைத்துக் குதிரை வித்தைகளைக் காட்டினார். இக்காலச் சர்க்கஸின் தொடக்கம் அதுவே என்பர். தொடக்கத்தில் குதிரையே முதன்மை பெற்றிருந்தது. சிங்கமும் புலியும் யானையும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் களத்தின் நடுவிடத்தைப் பிடித்தன.

ஆஸ்ட்லி வாழ்ந்த காலத்திலேயே, 1790களின் பிற்பகுதியில், செருமனியின் மியூனிக் நகரில் அலாய்ஸ் செனஃபெல்டர் கல்லச்சு முறையைக் கண்டறிந்தார். எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று கலவா என்னும் எளிய உண்மையே அதன் அடிப்படை. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசை கொண்ட கோலால் படம் வரைந்து கல்லை நனைத்தால், வரைந்த இடம் மட்டுமே மையை ஏற்கும். 1837இல் பிரான்சு நாட்டின் கோடெஃப்ருவா எங்கெல்மன் வண்ணக் கல்லச்சுக்கு உரிமம் பெற்றார். ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனிக் கல் வேண்டும். சிவப்புக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று எனப் பல கற்கள் அடுத்தடுத்துப் பதிந்த பின்னரே புலியின் உடல் முழுமை பெறும்.

இக்கலையை அமெரிக்கச் சர்க்கஸ் முதலாளிகள் பெரிதும் பயன்படுத்திக்கொண்டனர். 1872 முதல் பி. டி. பார்னமின் நிறுவனம் இரயிலில் ஊர் ஊராகச் செல்லலாயிற்று. கூடாரம் ஓரூரில் பெரும்பாலும் ஒரு நாளே நிற்கும். அந்த ஒரு நாளில் கூட்டம் நிறைய வேண்டுமானால், பல நாள் முன்னதாகவே ஊரார் உள்ளத்தில் ஆவலை எழுப்ப வேண்டும். ஆகவே பசை வாளிகளோடும் தாள் கட்டுகளோடும் விளம்பர ஆட்களின் இரயில் பெட்டி முன்கூட்டியே சென்றது. 28 அங்குல அகலமும் 42 அங்குல நீளமும் உடைய தாள்கள் பலவற்றை இணைத்துக் களஞ்சியச் சுவர்களை மூடினர். சுவருக்கு உரியவர்க்கு இலவச நுழைவுச்சீட்டு கிடைத்தது. இத்தகைய சுவரொட்டிகளை அச்சிடுவதில் சின்சினாட்டி நகரின் ஸ்ட்ரோபிரிட்ஜ் அச்சகம் பெரும்புகழ் பெற்றது. வரைந்த ஓவியர்களின் பெயர்களோ பெரும்பாலும் படங்களில் இடம்பெறவில்லை.

படமும் மெய்யும்

கூட்டத்தை ஈர்ப்பதே நோக்கமாதலின், சுவரொட்டி உண்மையை அளவோடு சொல்லவில்லை. 1882இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையிலிருந்த 'ஜம்போ' என்னும் ஆப்பிரிக்க யானையைப் பார்னம் 2,000 பவுனுக்கு வாங்கினார். அதனை அனுப்பலாகாதென்று ஆங்கிலச் சிறுவர்கள் அரசிக்கே மடல் எழுதினர். அமெரிக்கச் சுவரொட்டிகளில் ஜம்போ குழந்தைகளைச் சுமக்கும் மாபெரும் மலையாகத் தோன்றியது. மூன்றே ஆண்டுகளில், 1885 செப்டம்பர் 15ஆம் நாள், கனடாவின் செயின்ட் தாமஸ் நகரில் இரயில் மோதி அது மாண்டது. பெரியது எதனையும் 'ஜம்போ' என்றழைக்கும் வழக்கு இன்றும் வாழ்கின்றது.

இதனினும் துயரமானது 'கார்காஞ்சுவா' என்னும் கொரில்லாவின் கதை. 1938இல் ரிங்லிங் சர்க்கஸ் அதனை உலகிலேயே கொடிய உயிரினம் என விளம்பரப்படுத்தியது. சுவரொட்டியில் அதன் வாய் சினத்தால் கோணியிருந்தது. உண்மையிலோ அது சினமன்று, வடு. குட்டியாகக் கப்பலில் வந்தபோது கப்பலாள் ஒருவன் வீசிய அமிலம் அதன் முகத்தைச் சிதைத்திருந்தது. மனிதன் இழைத்த கொடுமையின் தழும்பையே விலங்கின் கொடுமையாகக் காட்டிக் காசு திரட்டினர். 1949இல் அக்கொரில்லா இறந்தது.

கீழ்த்திசைத் தொடர்பு

இவ்வரலாறு மேற்கோடு முடிந்துவிடவில்லை. 1851இல் பார்னமின் காட்சிக்கென இலங்கைக் காடுகளில் பிடிக்கப்பட்ட யானைகள் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கின. பின்னர்ச் சிங்கப்பூர் விலங்கு வணிகத்தின் பெருஞ்சந்தையாக விளங்கிற்று. அமெரிக்கரான ஃபிராங்க் பக் காத்தோங்கில் கொட்டடி அமைத்து, மலாயாவிலும் அண்டை நாடுகளிலும் திரட்டிய விலங்குகளைக் கப்பலேற்றினார். 1930இல் வெளிவந்த தம் நூலால் புகழ்பெற்ற அவர், 1938இல் அதே ரிங்லிங் சர்க்கஸோடு ஊர்வலம் வந்தார். மேற்கத்தியக் களங்களில் நின்ற விலங்குகளுள் சில, இந்நாட்டு மண்ணின் மணத்தை அறிந்தவையே.

தகட்டில் குடியேறிய படம்

படம் உலோகத்திற்கு மாறிய வழியும் கல்லிலிருந்தே தொடங்குகின்றது. கடினமான கல் கடினமான தகரத்தில் நேரே பதியாது. 1875இல் இங்கிலாந்தில் இராபர்ட் பார்க்லே, படத்தை முதலில் ஓர் உருளையில் ஏற்றி, அதிலிருந்து தகரத்திற்கு மாற்றும் முறைக்கு உரிமம் பெற்றார். அதன்பின் பிஸ்கட் தகரப் பெட்டிகள் வண்ணக்கோலம் பூண்டன. பிற்காலத்தில் பள்ளிப் பாடநூல்களை அச்சிட்ட ஆஃப்செட் முறைக்கும் இதுவே முன்னோடி. இன்றைய அலுமினியப் படங்களில், தாளில் அச்சிட்ட சாயம் கடும் வெப்பத்தில் ஆவியாகித் தகட்டின் மேற்பூச்சினுள் புகுந்துவிடுகின்றது. எனவே ஈரம் அதனை எளிதில் கெடுப்பதில்லை.

படம் நிலைபெற்ற காலத்திலேயே அதன் பொருள் மறைந்தது. 2016 மே மாதத்தில் ரிங்லிங் சர்க்கஸ் யானைகளுக்கு ஓய்வளித்தது; 2017 மே மாதத்தில் தன் காட்சிகளையே நிறுத்தியது; 2023இல் விலங்குகளின்றி மீண்டும் வந்தது. 1902 முதல் பார்னம் பெயரில் விற்கப்பட்ட விலங்கு பிஸ்கட்டின் பெட்டியிலிருந்தும் 2018இல் கூண்டுகள் நீக்கப்பட்டன.

விஸ்கான்சின் மாநிலத்தின் பராபூ நகரிலும் ஃபுளோரிடாவின் சரசோட்டாவிலும் உள்ள அருங்காட்சியகங்கள் மூலச் சுவரொட்டிகளைப் பேணி வருகின்றன. அங்கே ஒவ்வொரு படத்திற்கும் அருகில் விளக்கக் குறிப்பு உண்டு. கடையில் வாங்கும் தகட்டில் அது இல்லை. அழகிய வண்ணத்தை மட்டும் கண்டு வளரும் குழந்தை, முக்காலியில் அமர்வது யானையின் இயல்பு என்றே எண்ணிவிடக்கூடும். அவ்வெண்ணத்தைத் திருத்துவது பெற்றோரின் கடமை, ஆசிரியரின் கடமையுமாகும். அச்சிட்ட ஆண்டு, அச்சகம், விலங்கு பிறந்த காடு, அது மாண்ட இடம் ஆகிய நான்கினையும் சிறு தாளில் எழுதிப் படத்தின் கீழ் ஒட்டினால், அந்தச் சுவர் குழந்தைக்கு வரலாற்றையும் கற்பிக்கும்.