அணையாக் கொள்ளி: அந்தமானியரின் மழைக்கால நெருப்பு

குளிர்நாடுகளில் இலையுதிர்காலம் பிறந்ததும் வீட்டுக்கு வீடு ஒரு வேலை தொடங்கிவிடும். புகைபோக்கியில் படிந்த கரியைச் சுரண்டுவார்கள். கொதிகலனைப் பழுது பார்ப்பார்கள். பனி விழுமுன் விறகைக் கூரைக்கு அடியில் அடுக்கிவிடுவார்கள். போர்ட் பிளேரிலோ வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவதே அரிது. அங்கே கணப்புக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

வேலை இருந்தது. குளிர்காலத்துக்காக அன்று, மழைக்காலத்துக்காக.

அந்தமான் தீவுகளை இரண்டு பருவக்காற்றுகளும் நனைக்கின்றன. மே மாதத்தில் தென்மேற்குக் காற்று தொடங்கும். அது ஓய்வதற்குள் வடகிழக்குக் காற்று வந்து சேரும். ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை. இலையும் நாரும் கொண்ட சில அணிகள் தவிர வேறு உடை அணியாத மக்கள், ஈரத் தரையில், திறந்த குடில்களில், கடற்காற்று வீச அந்த மாதங்களைக் கழித்தார்கள். நனைந்த வெற்றுடம்பில் காற்று மோதும்போது 24 பாகையும் குளிர்தான். உடலைக் காயவைக்கவும், இறைச்சியை வாட்டவும், புகையால் கொசுவை விரட்டவும் அவர்களுக்கு நெருப்பு வேண்டியிருந்தது. அந்த நெருப்பைப் புதிதாக உண்டாக்கும் வழி அவர்களிடம் இல்லை என்பதுதான் காலனிய மானிடவியலின் புகழ்பெற்ற கூற்று.

1869 முதல் இத்தீவுகளில் ஆங்கில அரசின் அதிகாரியாகப் பணியாற்றிய எட்வர்ட் ஹொரேஸ் மேன் இதை 1880களின் தொடக்கத்தில் எழுதினார். 1906 முதல் 1908 வரை களப்பணி செய்த ராட்கிளிஃப்-பிரௌன், 1922இல் வெளிவந்த தம் நூலில், தாமாகத் தீ உண்டாக்கும் முறை எதுவும் இல்லாத மக்கள் உலகிலேயே ஒருவேளை இவர்கள் மட்டுமே என்ற பொருளில் எழுதினார். அன்றுமுதல் பாடநூல்கள், பயண நூல்கள், செய்தித்தாள்கள் எல்லாவற்றிலும் இந்த ஒரு வரி சுற்றி வருகிறது. ‘தீ மூட்டக்கூடத் தெரியாதவர்கள்.’ அந்தக் ‘கூட’ மேனுடையதும் அன்று, ராட்கிளிஃப்-பிரௌனுடையதும் அன்று. பின்னால் வந்தவர்கள் சேர்த்தது.

அதே ஆசிரியர்கள் அடுத்த வரிகளில் எழுதியதை யாரும் எடுத்தாளுவதில்லை என்பதே என் மனக்குறை. சில நாள்களில் திரும்பிவரும் எண்ணத்தோடு குடியிருப்பை விட்டுப் புறப்படும்போது அந்தமானியர் இரண்டு ஏற்பாடுகள் செய்வார்கள் என்கிறார் மேன். புகைந்துகொண்டிருக்கும் கட்டை ஒன்றையோ சிலவற்றையோ உடன் எடுத்துச் செல்வார்கள். மழை வரும்போல் இருந்தால் அதை இலைகளால் பொதிந்துகொள்வார்கள். பெரிய கட்டை ஒன்றை மழை படாத மறைவிடத்தில் கனலவிட்டுச் செல்வார்கள். அது பல நாள்கள் அணையாமல் உள்ளுக்குள் எரிந்துகொண்டிருக்கும். திரும்பி வந்து ஊதினால் தீ எழும். எந்த மரம், அது எந்த நிலையில் இருக்கவேண்டும் என்பதில் அவர்கள் தவறியதில்லை. நெடுநேரம் கனலக்கூடிய, ஆனால் சுடர்விட்டு எரிந்து தீர்ந்துபோகாத மரத்தைத் தேர்வதில் அவர்கள் பெருந்திறமை கொண்டிருந்தனர் என ராட்கிளிஃப்-பிரௌனும் ஒப்புக்கொள்கிறார். வேட்டைக்குப் போகும் ஒவ்வொரு குழுவும் தன் நெருப்பைத் தானே சுமந்து சென்றது.

இத்திறமையை அவ்வளவு எளிதாகக் கடந்துவிட இயலாது. சுடர்விட்டு எரியும் தீக்குக் காற்று ஏராளமாக வேண்டும். அது விறகை விரைவில் தின்றுவிடும். கனலும் தீக்குச் சிறிதளவு காற்றே போதும். அது மரத்தின் உள்ளே மெல்ல ஊர்ந்து செல்லும். தன் வெப்பத்தாலேயே அடுத்த பகுதியின் ஈரத்தை உலர்த்திக்கொள்ளும். மேலே படியும் சாம்பல் அதற்குப் போர்வையாகும். நாம் ‘நீறு பூத்த நெருப்பு’ என்று உவமையாகச் சொல்வதை அவர்கள் அன்றாட வேலையாகச் செய்தனர். வைரம் பாய்ந்த மரம் இதற்கு உதவாது. பூஞ்சை அரித்து, பஞ்சுபோல் இலேசான மரமே ஏற்றது. அந்தமானியர் உளுத்த மரத்தையே விறகாக விரும்பினர் என்று குறிக்கும் மேன், வெட்டிப் பிளக்கும் உழைப்பு மிச்சமாகிறது என்பதையும் சொல்கிறார். உழைப்புக் கணக்கு சரிதான். ஆனால், உளுத்த மரம்தான் நெடுநேரம் கனலும் என்பதும் இங்கே சேர்த்து எண்ணத்தக்கது.

நம் பக்கமும் சற்றுத் திரும்பிப் பார்க்கலாம். தீக்கடைகோலை வீட்டு இறப்பில் செருகி வைக்கும் வழக்கத்தைப் புறநானூற்றின் 315ஆம் பாடல் உவமையாக எடுத்தாள்கிறது. மழைக்கால வாடையில் கோவலர் கையில் கொள்ளியோடு நடுங்கி நிற்பதையும், நகரத்தார் தடவு எனப்படும் கணப்புச் சட்டியைச் சூழ்ந்திருப்பதையும் நெடுநல்வாடை காட்டுகிறது. தீக்கடையத் தெரிந்த நம்மவரும் மழையில் கொள்ளியைத்தான் நம்பினர். ஈரக்காற்றில் கோலைக் கடைந்து தீ எடுப்பது பெரும்பாடு. சிவகாசியில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923இல் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கிப் பெட்டி மலிவானதற்குப் பிறகும் பல சிற்றூர்களில் அடுத்த வீட்டு அடுப்பிலிருந்து கங்கு வாங்கி வருவது வழக்கமாக இருந்தது. அவர்களை யாரும் தீ மூட்டத் தெரியாதவர்கள் என்று எழுதவில்லை.

நெருப்பு அணைந்துவிடுமோ என்னும் அச்சம் அந்தமானியரின் தொன்மக் கதைகளிலும் உண்டு. மேன் பதிவுசெய்த கதையில் பெருவெள்ளம் வந்து எல்லா நெருப்பும் அணைந்துவிடுகிறது. எஞ்சியவர் நால்வர். இறந்துபோன நண்பன் ஒருவன் மீன்கொத்தி வடிவில் வானுலகம் பறந்து, புலுகா என்னும் கடவுளின் அடுப்பிலிருந்து கொள்ளியைத் தூக்க முயல்கிறான். அது நழுவிப் புலுகாவின் மேலேயே விழுகிறது. சினந்த புலுகா அதைப் பறவையின் மேல் எறிய, குறி தவறிய கொள்ளி அந்த நால்வர் நடுவே வந்து விழுகிறது. வேறு குழுக்களில் கதை மாறுகிறது. ஆயினும் திருடியும் தவறியும் கிடைத்த நெருப்பு என்பதே அடிநாதம். வடகிழக்குக் காற்றோடு தொடர்புடைய பிலிகு என்னும் தெய்வத்திடமிருந்து நெருப்பு திருடப்பட்டதாக ராட்கிளிஃப்-பிரௌன் பதிவுசெய்த கதைகள் சொல்கின்றன. மழையை அனுப்பும் தெய்வமே நெருப்பின் முதல் உடைமையாளர்! இந்த இணைப்பு தற்செயலானது என எனக்குத் தோன்றவில்லை.

இங்கே என் சொந்தக் கருத்து ஒன்றை முன்வைக்கிறேன். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை. உண்டாக்க முடியாத நெருப்பு, பகிரப்பட வேண்டிய நெருப்பு. ஒரு குடியிருப்பில் கனல் அணைந்தால் அடுத்த குடியிருப்பில்தான் வாங்கவேண்டும். ஆகவே கரையோரமெங்கும் குடியிருப்புகள் நெருங்கியிருந்த வரையில் இந்த ஏற்பாடு உறுதியாக இருந்திருக்கும். 1858இல் போர்ட் பிளேரில் கைதிகள் குடியேற்றம் வந்தது. 1863இல் ‘அந்தமான் இல்லங்கள்’ தொடங்கின. 1877இல் தட்டம்மை பரவியது; அதனோடு மேகநோயும் சேர்ந்தது. 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பெரிய அந்தமானியர் 625 பேர். 1961இல் 19 பேர். அடுத்த குடியிருப்பே இல்லாத கரையில் கனல் அணைந்தால் யாரிடம் போவது? போர்ட் பிளேரிடம்தான். அங்கே தீப்பெட்டி இருந்தது.

ராட்கிளிஃப்-பிரௌன் வந்தபோது அவர்கள் குடியேற்றத்திலிருந்து தீப்பெட்டி பெற்றுக்கொண்டிருந்தனர். சிலர் பர்மியரிடமோ நிக்கோபாரியரிடமோ பிளந்த மூங்கிலை உரசித் தீ எடுக்கவும் கற்றிருந்தனர். இன்னொன்றையும் நினைவில் கொள்ளவேண்டும்: ‘அந்தமானியர்’ என்று அவர்கள் பொதுவாக எழுதியது பெரும்பாலும் குடியேற்றத்தோடு பழகியவர்களைப் பார்த்துத்தான். ஜாரவாக்களிடையேயும் சென்டினல் தீவினரிடையேயும் அன்று எந்த ஆய்வாளரும் தங்கியிருந்ததில்லை.

பின்னாளில் இத்தீவுகளின் பபீத்தா, தீதூ மரங்களை வனத்துறை ‘தீக்குச்சி மரம்’ என்று வகைப்படுத்தியது. தீ உண்டாக்கத் தெரியாதவர்கள் என்று எழுதப்பட்ட மக்களின் காட்டிலிருந்து தீக்குச்சிக்கான மரம் வெட்டப்பட்டது. இதை முதன்முதலாகப் படித்த நாளில் வேறு எதையும் படிக்க மனம் செல்லவில்லை.

ராட்கிளிஃப்-பிரௌன் நூலின் அப்பகுதியில் நிகழ்காலத்தில் அமைந்த ஒரு குறிப்பு உண்டு. தீப்பெட்டி கைக்கு வந்துவிட்ட அந்நாளிலும் குடியிருப்புகளில் நெருப்பு அணையாமல் காக்கப்படுகிறது என்கிறார். பயணத்தில் அதைக் கவனமாகச் சுமந்தும் செல்கின்றனராம்.