ஆர்டுயினோவைத் தாண்டி... சொந்தமாகச் சர்க்யூட் செய்து பார்க்கலாமா?

பள்ளியில் மைக்ரோபிட்டைத் தொட்டிருப்பீர்கள். ஆர்டுயினோவில் விளக்கைச் சிமிட்ட வைத்திருப்பீர்கள். அடுத்து என்ன?

பலகையை விட்டுவிட்டு அதிலுள்ள சில்லை மட்டும் வைத்து வேலை செய்து பாருங்கள்.

ஆர்டுயினோ ஊனோவின் மூளை, ஏட்மெகா328பி. நிரலுக்கு 32 கிலோபைட் இடம்தான். கைத்தொலைபேசியில் எடுத்த ஒரு படம்கூட அதில் அடங்காது! ஆனால் செடிக்கு நேரத்துக்குத் தண்ணீர் விட அது தாராளம்.

புட்லோடர் ஏற்றிய சில்லையே கேட்டு வாங்குங்கள். பிரெட்போர்டில் செருகி 5 வோல்ட் கொடுங்கள். 16 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டல், அதற்கு 22 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டர் இரண்டு, ரீசெட் காலுக்கு 10 கிலோஓம் ரெசிஸ்டர். அவ்வளவுதான்.

இல்லை, இன்னொன்று இருக்கு. பலரும் மறப்பது அதைத்தான்: 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர். அதை மின்சாரக் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே, சில்லை ஒட்டியே வைக்கவேண்டும். சில்லு மின்சாரத்தைச் சீராகக் குடிப்பதில்லை. திடீர் திடீரென இழுக்கும். நீளமான கம்பி அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. பக்கத்தில் கெப்பாசிட்டர் இல்லையென்றால் சில்லு தானாக ரீசெட் ஆகலாம். நீங்களோ நிரலில் பிழை தேடி விடிய விடிய உட்கார்ந்திருப்பீங்க.

பம்ப்பை நேரடியாகச் சில்லின் காலில் மாட்டாதீங்க. ஒரு கால் தாங்கும் உச்சம் 40 மில்லிஆம்பியர். மோட்டார் அதைவிடப் பல மடங்கு கேட்கும். நடுவே ஒரு டிரான்சிஸ்டர், மோட்டாருக்குக் குறுக்கே ஒரு டையோடு போடுங்கள். டையோடு இல்லாவிட்டால், மோட்டாரை அணைக்கும் கணத்தில் எகிறும் மின்னழுத்தம் டிரான்சிஸ்டரைச் சாகடித்துவிடும்.

பாகங்கள் வாங்க? சிம் லிம் டவர். கணினிக் கடைகள் இருக்கும் சிம் லிம் ஸ்குவேர் அல்ல, அது வேறு கட்டடம். சில்லை மட்டும் இரண்டாக வாங்குங்க.