சிராப்பள்ளிக் குன்றும் எழுத்தறியும் கல்வியும்

சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகளும் கோவலனும் கண்ணகியும் மதுரை நோக்கிச் செல்லும் வழியில் திருவரங்கத்தை அடைகின்றனர். அங்கே சாவகர் அமைத்த சிலாதலத்தின்மீது சாரணர் தோன்றி அருகப்பெருமானைப் போற்றுகின்றனர். பின்னர் மூவரும் ஓடமேறித் தென்கரை அடைந்து, உறையூரில் அறிவனை வணங்கி, நிக்கந்தக் கோட்டத்து முனிவரைக் கண்டு அன்று அங்கே தங்குகின்றனர். காவிரியின் இரு கரைகளிலும் சமண அறம் தழைத்திருந்ததை இக்காப்பியம் காட்டுகிறது. ஆயினும் காப்பியம் கூறுவதோடு மண்ணும் கல்லும் சேர்ந்து பேசும்போதே வரலாறு உறுதி பெறுகிறது.

உறையூரின் மண்ணைப் பேசவைத்தது சென்னைப் பல்கலைக்கழகம். அதன் தொல்லியல் துறையினர் 1965 முதல் 1969 வரை அங்கு அகழாய்வு நடத்தினர். தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும், சாயத்தொட்டியும், கடல் வாணிகத்தோடு தொடர்புடைய ரௌலட்டட் வகை மட்கலங்களும் வெளிப்பட்டன. சங்க காலச் சோழர் தலைநகரில் எழுத்தறிவும் தொழிலும் வாணிகமும் சிறந்திருந்தமை இவற்றால் தெளிவாயிற்று.

கல்லின் சான்று மலைக்கோட்டையில் உள்ளது. உச்சிப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்புறம், எளிதில் சென்றடைய இயலாத பாறைச்சரிவில், முனிவர்கள் உறைந்த கற்படுக்கைகள் உள்ளன. அவற்றில் ஒன்றன்மேல் 'சிரா' என்னும் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. இதன் காலம் ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டு. பல்லவன் மகேந்திரவர்மன் இக்குன்றில் குடைவரை எடுப்பதற்கும் முந்தியது. சிரா என்னும் துறவியின் பள்ளியே சிராப்பள்ளி ஆயிற்று என அறிஞர் பலர் கருதுவர். திரிசிரன் என்னும் அரக்கனோடு ஊர்ப்பெயரை இணைக்கும் தலபுராணமும் உண்டு. புராணம் பக்தியால் நிலைக்கிறது. கல்லெழுத்தோ அதனைப் படிக்கத் தெரிந்தவர் இருக்கும்வரையே பேசுகிறது.

அவ்வாறு படிக்கத் தெரிந்தவர்களுள் தலையாயவர் ஐராவதம் மகாதேவன் (1930–2018). திருச்சியில் பள்ளிக் கல்வி பெற்ற அவர், கல்லூரியில் பயின்றவை வேதியியலும் சட்டமும்; ஏற்ற பணியோ இந்திய ஆட்சிப்பணி. கல்வெட்டியலைத் தம் முயற்சியால் கற்றார். அந்நாளில் திருச்சி மாவட்டத்தில் அடங்கியிருந்த கரூர்ப் பகுதியின் புகழூர் ஆறுநாட்டார் மலையில் உள்ள தமிழிக் கல்வெட்டுகளை ஆராய்ந்து, 1965இல் தம் வாசிப்பை வெளியிட்டார். சேர மரபின் இளங்கடுங்கோ இளவரசன் ஆனபோது, யாற்றூர்ச் செங்காயபன் என்னும் மூத்த சமண முனிவருக்குக் கல்லுறையுள் அமைத்துக் கொடுத்த செய்தி அதனால் புலப்பட்டது. தந்தை, மகன், பேரன் எனச் சேரர் மூன்று தலைமுறையினரின் பெயர்களும் அதில் வெளிப்பட்டன. தமிழிக் குகைக் கல்வெட்டுகளுள் பெரும்பாலானவை சமணத் தொடர்புடையன என்பதை அவர் 2003இல் வெளியிட்ட பெருநூலில் நிறுவினார்.

இச்செய்தி தமிழ்ச் சமணர்க்கு வெறும் பெருமையன்று. 'நீங்கள் வடநாட்டிலிருந்து வந்தவர்களா?' என்னும் வினாவைத் தமிழ்ச் சமணக் குடும்பத்துப் பிள்ளைகள் இன்றும் எதிர்கொள்கின்றனர். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சமண முனிவர்க்கு அளித்த கொடை தமிழ் மொழியில், தமிழ் மண்ணின் பாறையில் பொறிக்கப்பட்டிருப்பது அதற்குரிய விடை. ஆனால் அவ்விடையைத் தாமே படித்துக் காட்ட வல்லவர் சமுதாயத்தில் சிலரே. இதற்கிடையே குன்றுகள் பல கல் உடைப்பால் தேய்கின்றன; கற்படுக்கைகள்மேல் வருவோர் தம் பெயரைக் கிறுக்கிச் செல்கின்றனர்.

தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலுக்கும் தொல்லியலுக்கும் தனித்துறை உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் தொல்லியல் பயிலலாம். பொறியியலும் மருத்துவமும் கற்கும் பிள்ளைகளிடையே ஊருக்கு ஒருவரேனும் இத்துறையை நாடுதல் வேண்டும். வேறு துறை பயின்றோரும் தமிழி எழுத்தைக் கற்றுக்கொள்ள இயலும் என்பதற்கு வேதியியல் மாணவராயிருந்த மகாதேவனே சான்று. நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளுள் ஞானம் நடுவில் நிற்கிறது. முன்னோர் கல்லில் விட்டுச் சென்ற எழுத்தை அறிவதும் அந்த ஞானத்தின் ஒரு கூறே ஆகும்.