ரிட்ரீவர் நாய்கள்: போட்டிகள் மாற்றிய ஒரு பரம்பரை

லாப்ரடார் என்றால் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, வீட்டு வாசலில் சோம்பலாகப் படுத்துக்கொண்டு, வருகிற எல்லோருக்கும் வாலாட்டும் ஒரு குண்டு நாய். அதே இனத்தில் இன்னொரு வகை அமெரிக்காவில் உண்டு. ஒல்லியான உடல், குறுகிய முகம், நீண்ட கால்கள். சில நூறு கஜ தூரத்தில் விழுந்த வாத்தின் இடத்தை நினைவில் வைத்து, அம்பு போல் ஓடி எடுத்து வரும். இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினால் ஒரே இனமா என்று சந்தேகம் வரும்.

இந்த இரண்டாவது நாயை உருவாக்கியது ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவரும் ஒரு போட்டி. அதற்கு ஃபீல்டு டிரயல் என்று பெயர். நாம் களப்போட்டி என்று சொல்லிக்கொள்ளலாம். நல்ல நாய் எது என்று கண்டுபிடிக்க மனிதர்கள் ஆரம்பித்த போட்டி, நாயையே எப்படி மாற்றியது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ரிட்ரீவர் எப்படி வந்தது என்று பார்ப்போம். 'ரிட்ரீவ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மீட்டுக் கொண்டுவருதல் என்று பொருள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பறவை வேட்டைக்குப் போனவர்கள் பாயிண்டர், செட்டர் நாய்களையே பெரிதும் நம்பியிருந்தார்கள். பறவை பதுங்கியிருக்கும் இடத்தை மோப்பம் பிடித்து, அசையாமல் நின்று காட்டுவது அவற்றின் வேலை. நூற்றாண்டின் நடுவில், பின்பக்கமாகத் தோட்டா போடும் துப்பாக்கிகள் புழக்கத்துக்கு வந்தன. வேகமாகச் சுட முடிந்ததால் வேட்டை முறையே மாறியது. ஆட்கள் வரிசையாக நடந்து பறவைகளைக் கலைக்க, துப்பாக்கிக்காரர்கள் ஓரிடத்தில் நின்று சுட்டார்கள். ஒரே நேரத்தில் பல பறவைகள் விழுந்தன. அடிபட்டவை ஓடி ஒளிந்தன. அவற்றைத் தேடிப் பிடித்து, சிதைக்காமல் வாயில் கவ்வி வர ஒரு நாய் தேவைப்பட்டது.

நியூஃபவுண்ட்லாந்து தீவின் மீனவர்கள் வளர்த்த, குளிர்ந்த நீருக்கு அஞ்சாத கறுப்பு நாய்கள் அதற்கு முன்பே கப்பல்களில் இங்கிலாந்து வந்திருந்தன. 1880-களில் மால்ம்ஸ்பரி பிரபு தம்மிடமிருந்த இந்த வகை நாய்களில் சிலவற்றை பக்லூ பிரபுவின் குடும்பத்துக்குக் கொடுத்தார். நெட், ஏவன் என்ற அந்த நாய்களில் இருந்துதான் இன்றைய லாப்ரடார் வம்சம் பெரும்பாலும் கிளைத்தது. கோல்டன் ரிட்ரீவர் ஸ்காட்லாந்தில் ட்வீட்மவுத் பிரபுவின் பண்ணையில், 1868-ல் பிறந்த மஞ்சள் குட்டிகளில் இருந்து வந்தது.

ரிட்ரீவர்களுக்கான களப்போட்டிகள் இங்கிலாந்தில் 1900 வாக்கில் தொடங்கின. அப்போது செல்வாக்காக இருந்தவை நீண்ட மென்மயிர் கொண்ட ஃப்ளாட்கோட் நாய்கள். ஆனால் முதல் உலகப் போருக்கு முன்பே லாப்ரடார்கள் அவற்றை முந்தத் தொடங்கிவிட்டன. அங்கே போட்டி என்பது உண்மையான வேட்டையேதான். பறவை எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாயால் கண்டுபிடிக்க முடியாத பறவையை அடுத்த நாய் கண்டுபிடித்துவிட்டால் முதல் நாயின் கதை முடிந்தது. ஆகவே கூர்மையான மூக்கும், கட்டளை வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருக்கும் பொறுமையும்தான் வெற்றியைத் தீர்மானித்தன.

முதல் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆர்ச்சிபால்ட் பட்டர். ஆட்டு மந்தை மேய்க்கும் நாய்களை இடையர்கள் விசிலாலும் கைச் சைகையாலும் தூரத்திலிருந்தே திருப்புவதைப் போல, அவர் தம் ரிட்ரீவரையும் இயக்கினார். அவருடைய 'பீட்டர் ஆஃப் ஃபாஸ்கலி' 1911-ல் சாம்பியன் பட்டம் வென்றது. அதுவரை நாயின் மூக்கை நம்பிக் காத்திருந்த மனிதன், இப்போது நாயின் ஓட்டத்தில் கலந்துகொண்டான். ஓடும்போதே திரும்பிப் பார்த்து, சொன்னதைக் கேட்கும் நாய்க்கு மதிப்பு கூடியது.

அப்போதும் அழகுப் போட்டி நாயும் வேட்டை நாயும் பிரிந்துவிடவில்லை. யாருக்கும் அடங்காமல், சுட்டுக் கொல்லப்பட வேண்டிய நிலையில் இருந்த 'பான்கரி போலோ' என்ற லாப்ரடாரை லோர்னா ஹோவ் சீமாட்டி 1918-ல் எடுத்து வளர்த்தார். அதே போலோ பின்னர் களத்திலும் கண்காட்சி மேடையிலும் பட்டம் வென்று, இனத்தின் முதல் இரட்டைச் சாம்பியன் ஆனது! இன்று அப்படி இரண்டிலும் ஒரே நாய் வெல்வது ஏறத்தாழ நடக்காத காரியம்.

இனி அமெரிக்கா. 1931 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தின் செஸ்டரில் முதல் லாப்ரடார் களப்போட்டி நடந்தது. ஆவெரல் ஹாரிமன் போன்ற பெரும் பணக்காரர்களின் பொழுதுபோக்காகத்தான் அது ஆரம்பித்தது. ஸ்காட்லாந்திலிருந்து நாய்களோடு பயிற்சியாளர்களையும் வரவழைத்தார்கள். 1941-ல் நடந்த முதல் தேசியப் போட்டியில் 'கிங் மிடாஸ் ஆஃப் உட்எண்ட்' என்ற கோல்டன் வென்றது. அடுத்து, ஹாரிமனின் பண்ணையில் பிறந்த 'ஷெட் ஆஃப் ஆர்டன்' என்ற லாப்ரடார் 1942, 1943, 1946 என மூன்று முறை வென்றது. 1952, 1953 இரண்டு ஆண்டுகளும் ஜான் ஓலினின் 'கிங் பக்' வென்றது. வாத்தைக் கவ்வி நிற்கும் கிங் பக்கின் படம் 1959-ல் அமெரிக்க வாத்து வேட்டை முத்திரையில் அச்சானது. அந்த முத்திரையில் இடம்பிடித்த முதல் நாய் அதுதான்.

அமெரிக்கர்கள் போட்டியை வேறு விதமாக அமைத்தார்கள். அதிர்ஷ்டத்துக்கு இடம் தரக்கூடாது, எல்லா நாய்க்கும் ஒரே தேர்வு இருக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். எனவே பறவை எங்கே விழ வேண்டும் என்பதை நடுவர்களே முன்கூட்டித் தீர்மானித்தார்கள். இது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருந்தது. நாய்கள் நன்றாகத் தேற ஆரம்பித்ததும் எல்லாமே தேர்ச்சி பெற்றுவிடும். அப்புறம் யாருக்குப் பரிசு கொடுப்பது? நடுவர்கள் தேர்வைக் கடினமாக்கினார்கள். ஒரு பறவை மூன்றானது, சில சமயம் நான்கானது. தூரம் கூடியது. அந்தத் தேர்விலும் வென்ற நாய்களின் குட்டிகள் அடுத்த தலைமுறையில் போட்டிக்கு வந்தன. மறுபடியும் தேர்வு கடினமானது. பறவையைச் சுடும் ஷாட்கன் நாற்பது, ஐம்பது கஜத்துக்கு மேல் பெரிதாகப் பயன்படாது. ஆனால் போட்டி நாயோ சில நூறு கஜம் ஓட வேண்டியதாயிற்று. அவ்வளவு தூரத்திலும் நாயின் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று துப்பாக்கிக்காரர்கள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார்கள். எந்த வேட்டைக்காரன் வெள்ளைச் சட்டையோடு வாத்து வேட்டைக்குப் போவான்?

இன்னொரு உதாரணம். குளத்துக்கு அப்பால் பறவை கிடந்தால், புத்திசாலி நாய் கரையைச் சுற்றி ஓடி எடுத்துவிடும். ஆனால் நாய் காணாமல் மறைத்து வைத்த பறவையை எடுக்கும் சோதனையில், நேர்கோட்டில், தண்ணீருக்குள் இறங்கித்தான் போக வேண்டும். கரையைச் சுற்றினால் அது குற்றம். அதாவது, இயல்பான சாமர்த்தியத்தையே நாய் விட்டுக்கொடுக்க வேண்டும்.

இந்த அளவு கட்டுப்பாட்டை எப்படிக் கொண்டுவருவது? 1960-களின் இறுதியில் மின் அதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டை சந்தைக்கு வந்தது. கலிஃபோர்னியாவின் ரெக்ஸ் கார் அதை வைத்து ஒழுங்கான பயிற்சி முறை வகுத்தவர்களில் முக்கியமானவர். ஆரம்பகாலக் கருவிகளில் அதிர்ச்சியின் அளவை உடனுக்குடன் குறைக்க வழியில்லை. அதைத் தாங்க முடியாத மென்மையான நாய்கள் பயிற்சியிலேயே கழிந்தன. தாங்கிக்கொண்டு, துள்ளல் குறையாமல் ஓடியவை பட்டம் வென்று குட்டிகளுக்குத் தகப்பன் ஆயின. ஒரு கருவிகூட இனத்தின் குணத்தை வடிகட்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

சாதாரண வேட்டைக்காரர்களுக்கு இந்தப் போட்டி அந்நியமாகிவிட்டது. 1983-ல் ரிச்சர்ட் வோல்டர்ஸ் முதலியோர் முன்னின்று, உண்மையான வேட்டையை ஒத்த சோதனைகளைத் தனியாகத் தொடங்கினார்கள். அங்கே நாய்கள் ஒன்றோடொன்று மோதுவதில்லை. குறிப்பிட்ட தரத்தை எட்டினால் போதும், தேர்ச்சிதான். அதனால் தேர்வை ஆண்டுதோறும் கடினமாக்கிக்கொண்டே போகும் கட்டாயமும் இல்லை.

களப்போட்டி நாய்களின் திறமையைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். 1930-களின் சாம்பியன்களால் இன்றைய தேர்வுகளில் தேறியிருக்க முடியாது. ஆனால் திறமையை மட்டும் பார்த்து இனவிருத்தி செய்தபோது, பார்க்காத விஷயங்களும் கூடவே வந்தன. கிங் பக்கின் உரிமையாளர் ஜான் ஓலினே, தம் நாய்களுக்கு வந்த இடுப்பு மூட்டுக் கோளாற்றைக் கண்டு, 1966-ல் அதற்கான பரிசோதனை அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்.

அதைவிட விசித்திரமான ஒரு நோய் பிறகு தெரியவந்தது. நன்றாக இருக்கும் லாப்ரடார், உற்சாகத்தோடு ஐந்து முதல் இருபது நிமிடம் கடுமையாக ஓடியதும், பின்னங்கால்கள் தள்ளாடி விழுந்துவிடும். சில நாய்கள் இறந்தும்விடும். 2008-ல் மினசோட்டா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களை உள்ளடக்கிய குழு, டைனமின்-1 என்ற மரபணுவில் உள்ள மாற்றமே காரணம் என்று கண்டறிந்தது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் நோய் தாக்கும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் நாய் ஆரோக்கியமாக ஓடும், பட்டமும் வெல்லும், நூற்றுக்கணக்கான குட்டிகளுக்கு அதைக் கடத்தியும்விடும். உறையவைத்த விந்து வந்த பிறகு, இறந்துபோன சாம்பியன்கூடத் தகப்பன் ஆகலாம். நல்லவேளையாக, இன்று ஒரு மரபணுப் பரிசோதனையில் இதைத் தெரிந்துகொண்டு, ஏற்ற ஜோடியைத் தேர்ந்தெடுக்க முடிகிறது.

நடுவரின் மதிப்பெண் தாளில் நாயின் மூக்கு உண்டு, நினைவாற்றல் உண்டு, கீழ்ப்படிதல் உண்டு. இடுப்பு மூட்டுக்கும் டைனமினுக்கும் அதில் கட்டம் இல்லை. பட்டத்தைப் பார்த்துக் குட்டி வாங்குகிறவர்கள், தாய் தகப்பனின் பரிசோதனைச் சான்றையும் சேர்த்துக் கேட்க ஆரம்பித்ததுதான் இந்த நீண்ட வரலாற்றில் நாய்களுக்குக் கிடைத்த ஆறுதல். நாய்க்குத் தன் தேர்வுத்தாளைத் தானே எழுதிக்கொள்ளத் தெரியாது. அதை எழுதுகிற மனிதன்தான் அடுத்த தலைமுறையையும் எழுதுகிறான்.