முதலாளியில்லாக் கடை

சென்னை அண்ணா சாலை வழியே தேனாம்பேட்டையைக் கடந்து செல்வோர் நாள்தோறும் பல்லாயிரவர். ஒரு காலத்தில் தென்னஞ்சோலைகள் மலிந்திருந்தமையால் இவ்வூருக்கு அமைந்த பெயரே மருவித் தேனாம்பேட்டை ஆயிற்று என்பர். சோலைகள் மறைந்தன, மாளிகைகள் எழுந்தன. நீதிபதி பஷீர் அகமது சயீத் அவர்கள் 1955இல் தோற்றுவித்த மகளிர் கல்லூரி இப்பகுதிக்கு அணி செய்கின்றது. இதே தேனாம்பேட்டையில் ‘காமதேனு’ என்னும் பெயரால் ஒரு கூட்டுறவுப் பேரங்காடி நடந்து வந்ததை நம்மில் பலர் அறிவோம். பையைத் தூக்கிக்கொண்டு நாமும் அதனுள் நுழைந்திருக்கிறோம். பருப்பும் புளியும் வாங்கி வந்திருக்கிறோம். ஆனால், அந்த அங்காடியை நடத்திய சங்கம் எப்படிப் பிறந்தது, எதற்காகப் பிறந்தது என்று எண்ணிப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

அச்சங்கத்தின் பெயர் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம். ‘டி.யு.சி.எஸ்.’ என்ற நான்கெழுத்துகளால் சென்னை மக்கள் அதனை அழைத்தனர். 1904ஆம் ஆண்டு தோன்றிய அச்சங்கம், இந்திய நாட்டின் நுகர்வோர் கூட்டுறவு வரலாற்றில் முன்னோடியாக வைத்தெண்ணப்படுவது. சில்லறை வணிகத்தை எவ்வாறு நடத்துவது, எவ்வாறு நிர்வகிப்பது என்பதைப் பற்றி இன்று பெரும் பெரும் நூல்கள் வெளிவருகின்றன. கல்லூரிகளில் அதற்கெனத் தனிப் படிப்புகளே இருக்கின்றன. அந்நூல்கள் பேசும் வினாக்களுள் பெரும்பாலானவற்றை நம் திருவல்லிக்கேணிப் பெரியோர்கள் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டனர் என்பதை எண்ணும்போது வியப்பு மேலிடுகின்றது.

அந்நாளைய மளிகைக் கடையை நாம் மனக்கண் முன் கொண்டுவர வேண்டும். மாதச் சம்பளக்காரர் வீட்டில் பத்தாம் தேதிக்குள் பணம் கரைந்துவிடும். பின்னர் கடைக்காரரின் கடன் பேரேடே கதி. சிட்டையில் ஏறும் தொகை எவ்வளவு என்பதும், சரக்கின் தரம் என்ன என்பதும், படியின் அடிப்புறம் எவ்வளவு உள்வாங்கியிருக்கிறது என்பதும் வாங்குபவர் கேட்கக் கூடாத கேள்விகள். கடன்பட்டவர் வாய் திறக்க முடியுமா? கடைக்காரர் மீது மட்டும் பழி சுமத்துவதும் நீதியாகாது. அவரும் மொத்த வணிகரிடம் வட்டிக்குக் கடன் வாங்கியவரே. வாராக்கடனையும் வட்டியையும் அவர் எங்கே ஈடுகட்டுவார்? விலையிலும் அளவையிலும்தான். அளவையில் குறை வைப்போரைக் கண்டிக்காத வேதம் உலகில் இல்லை; எனினும் கண்டனத்தால் மட்டும் படி நிமிர்ந்துவிடவில்லை. படியை நிமிர்த்த ஓர் அமைப்பு தேவைப்பட்டது.

அவ்வமைப்பின் வித்து இங்கிலாந்தில் விழுந்தது. ராச்டேல் என்னும் ஆலை நகரில் நெசவாளரும் பிற தொழிலாளரும் அடங்கிய 28 பேர் கூடினர். ஆளுக்கு ஒரு பவுனாக 28 பவுன் முதல் திரட்டி, 1844 டிசம்பர் 21ஆம் நாள் ஒரு சிறு கடையைத் திறந்தனர். வெண்ணெய், சர்க்கரை, மாவு, மெழுகுவத்தி போன்ற சில பண்டங்களே அங்கிருந்த சரக்கு. ஊரார் நகைத்தனர். ஆனால் அவர்கள் வகுத்துக்கொண்ட விதிகள் நகைப்புக்குரியவை அல்ல. கலப்படமற்ற சரக்கு, சரியான எடை, ரொக்க விற்பனை, பங்கு எத்தனை இருந்தாலும் ஒருவருக்கு ஒரே வாக்கு ஆகியவை அவற்றுள் சில. எல்லாவற்றிலும் நுட்பமானது பின்வரும் விதியாகும்: பண்டத்தைச் சந்தை விலைக்கே விற்க வேண்டும், எஞ்சும் ஆதாயத்தை, யார் எவ்வளவு வாங்கினாரோ அந்த விகிதத்தில் உறுப்பினருக்கே திருப்பித்தர வேண்டும்.

இந்த விதியின் உட்பொருளைச் சற்று விரித்துரைப்போம். ‘அடக்க விலைக்கே விற்றுவிட்டால் ஏழைக்கு நல்லதல்லவா?’ என்று கேட்கலாம். அடக்க விலைக்கு விற்கும் கடை, ஒரு மூட்டை சரக்கு கெட்டுப்போனாலே நொடித்துவிடும். சுற்றியுள்ள வணிகரோ கூடி நின்று விலையைக் குறைத்து அதனை வீழ்த்துவர். சந்தை விலைக்கு விற்றாலோ பகையும் குறையும். கையில் முதலும் சேரும். உறுப்பினர் ஒருவர் மாதம் 10 ரூபாய்க்குச் சரக்கு வாங்குவதாகக் கொள்வோம். ஆண்டில் 120 ரூபாய். ரூபாய்க்கு ஓரணா வீதம் ஆதாயப் பங்கு கிடைக்குமாயின், ஆண்டு முடிவில் 7 ரூபாய் 8 அணா அவர் கைக்கு வரும். நாள்தோறும் காலணா அரையணாவாகக் குறைந்திருந்தால் அத்தொகை கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும். மொத்தமாக வரும்போது அது பிள்ளையின் பள்ளிக் கட்டணமாகிறது. வாங்குவதே சேமிப்பாகும் விந்தை இது. தம் வாடிக்கையாளரைத் தக்க வைத்துக்கொள்ள இன்றைய பேரங்காடிகள் அட்டைகளும் புள்ளிகளும் வழங்குகின்றனவே, அவற்றின் மூதாதை ராச்டேல் கடைதான். ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. அங்கே வாடிக்கையாளருக்குக் கிடைத்தது பரிசு அன்று. அவருக்கு உரிமையான ஆதாயம்.

இந்த வரலாறு திருவல்லிக்கேணிக்கு எட்டியது. பேராசிரியர் தேசிகாச்சாரியாரும், அந்நாளில் இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக விளங்கிய சீனிவாச சாஸ்திரியாரும் இம்முயற்சியில் முன்னின்றோருள் குறிப்பிடத்தக்கவர்கள். பின்னாளில் நாவன்மையால் உலகப் புகழ் பெற்ற சாஸ்திரியார், உப்பு புளி விற்கும் கடைக்கு உழைப்பதை இழிவாகக் கருதவில்லை என்பதை நாம் மறத்தலாகாது. அவர்களுக்குச் சட்டம் கைகொடுத்ததா? முழுமையாக இல்லை. வேளாண் கடன் பற்றிச் சென்னை அரசின் பொருட்டு பிரெடரிக் நிக்கல்சன் 1895லும் 1897லும் அளித்த அறிக்கைகள் கூட்டுறவின் தேவையை வற்புறுத்தியிருந்தன. 1904 மார்ச்சில் இயற்றப்பட்ட இந்தியக் கூட்டுறவுச் சட்டம், கடன் சங்கங்களை மட்டுமே கருத்தில் கொண்டிருந்தது. பண்டகசாலைகள் போன்ற பிறவகைச் சங்கங்களுக்கு 1912ஆம் ஆண்டுச் சட்டமே தெளிவான இடம் தந்தது. ஆகவே சட்டம் வருமுன் கடை வந்துவிட்டது எனலாம். மக்களின் தேவை முன்னே நடக்க, சட்டம் அதன் பின்னே நடப்பது புதிதன்று.

சங்கம் வேரூன்றியது. திருவல்லிக்கேணியைத் தாண்டி நகரின் பல பகுதிகளுக்கும் கிளைகள் பரவின. இதன் வணிக நுட்பத்தையும் நாம் நோக்க வேண்டும். சில்லறை வணிகத்தின் உயிர்நிலை, சரக்கு எத்தனை முறை விற்றுத் தீர்கிறது என்பதில் இருக்கிறது. ஒரு ரூபாய்ச் சரக்கை நான்கணா ஆதாயத்துக்கு ஆண்டில் இருமுறை விற்பவருக்குக் கிடைப்பது 8 அணா. அதே சரக்கை ஓரணா ஆதாயத்துக்கு மாதந்தோறும் விற்பவருக்கோ 12 அணா. உறுப்பினர் குடும்பங்கள் மாதந்தோறும் தவறாது வாங்கினால், எவ்வளவு கொள்முதல் செய்வது என்பதும் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது, சரக்குத் தேங்குவதில்லை. உறுப்பினரின் நாணயமே கடையின் மூலதனமாகிறது.

பின்னர் சோதனை வந்தது. அது செல்வாக்கின் வடிவில் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1943இல் சென்னை நகரில் உணவுப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. அரிசி வாங்கப் பங்கீட்டுக் கடையை விட்டால் வழியில்லை என்ற நிலையில் கூட்டுறவுப் பண்டகசாலைகள் மாகாணமெங்கும் பெருகின. 1952இல் முதலமைச்சர் இராஜாஜி பங்கீட்டை நீக்கினார். கூட்டம் கலைந்தது, பண்டகசாலைகள் பலவும் நொடித்தன. காரணம் வெளிப்படை. கட்டாயத்தால் வந்த கூட்டத்தை வாடிக்கையாளர் என்று அவை எண்ணிக்கொண்டன. பங்கீட்டுக்கு முன்பே மக்களின் பற்றைப் பெற்றிருந்த திருவல்லிக்கேணிச் சங்கம் அந்தப் புயலையும் தாண்டி நின்றது.

1962இல் சீனப் படையெடுப்பையும் 1966இல் ரூபாய் மதிப்புக் குறைப்பையும் தொடர்ந்து, விலைவாசியைக் கட்டுப்படுத்த மைய அரசு கூட்டுறவு அங்காடிகளுக்கு மீண்டும் ஊக்கமளித்தது. தில்லியில் ‘சூப்பர் பஜார்’ 1966இல் திறக்கப்பட்டது. வாங்குவோர் தாமே பண்டங்களை எடுத்துக்கொள்ளும் முறை அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1916இல் புகழ்பெற்றது. அம்முறை இவ்வாறு நம் நாட்டுக் கூட்டுறவுக் கடைகளிலும் புகுந்தது. தேனாம்பேட்டைக் காமதேனுவும் அப்பேரங்காடி மரபில் வந்ததே. ஆனால் அரசின் கை தோள்மீது விழுந்தபோது அதன் பாரமும் உடன் விழுந்தது. தமிழகக் கூட்டுறவுச் சங்கங்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழுக்கள் 1976இல் நீக்கப்பட்டுத் தனி அலுவலர்கள் அமர்த்தப்பட்டனர். ஒரு தலைமுறைக் காலம் தேர்தல் என்பதே இல்லாமற் போயிற்று. 1996இல் தேர்தல் நடந்தது. 2001இல் குழுக்கள் மீண்டும் கலைக்கப்பட்டன. வாக்களிக்காத உறுப்பினர் கணக்குக் கேட்க மாட்டார். கணக்குக் கேட்கப்படாத கடையில் ஒழுங்கு நிலைக்காது. தில்லி சூப்பர் பஜார் 2002ஆம் ஆண்டோடு நலிந்து மூடப்பட்டதும் நாம் கண்டதே.

அவ்வாறாயின் தனியார் வணிகமே சிறந்ததென்று முடிவு கட்டலாமா? அதே சென்னையில் வேறொரு வரலாறும் நிகழ்ந்தது. 1997இல் திருவான்மியூரில் ‘சுபிக்ஷா’ தன் முதல் கடையைத் திறந்தது. ஆடம்பரமில்லாத சிறு கடை, வீட்டுக்கு அண்மையில் இருப்பிடம், மலிவு விலை என்பன அதன் நெறிகள். மக்கள் திரண்டனர். நாடெங்கும் 1,600க்கும் மேற்பட்ட கடைகளாக அது விரிந்தது. ஆனால் விரிவின் வேகத்துக்குக் கைப்பணம் ஈடுகொடுக்கவில்லை. 2009இல் சம்பளத்துக்கும் சரக்குக்கும் பணமின்றி அத்தனை கடைகளும் மூடிக் கிடந்தன. கடனில் வாங்கியவர் அன்று மளிகைக் கடைக்காரரிடம் சிக்கினார். கடனில் வளர்ந்த கடை இன்று வங்கியிடம் சிக்கியது. கடன் பேரேட்டின் அளவுதான் மாறியிருக்கிறது.

எனவே, கடை வீழ்வதற்குரிய காரணங்கள் இரண்டென நாம் காண்கிறோம். தன் வலிமைக்கு மீறி ஓடுவது ஒன்று. உடையவர் கண் படாமல் கிடப்பது மற்றொன்று. முதல் நோய் தனியாரை வீழ்த்துகிறது; இரண்டாம் நோய் கூட்டுறவை அரிக்கிறது. 2013இல் தமிழக அரசு கூட்டுறவுச் சங்கங்கள் வாயிலாகச் சென்னையில் பண்ணைப் பசுமைக் காய்கறிக் கடைகளைத் திறந்தபோது மக்கள் ஆர்வத்தோடு சென்று வாங்கினர். நேர்மையான எடைக்கும் நியாயமான விலைக்கும் ஏங்கும் உள்ளம் இன்னும் வற்றிவிடவில்லை என்பதற்கு அது சான்று. அந்த உள்ளம் வாங்குவதோடு நின்றுவிடுகிறதே என்பதுதான் நம் கவலை.

‘முதலாளியில்லாக் கடை’ என்று கூட்டுறவைப் புகழ்ந்து கூறுவதுண்டு. அச்சொல்லுக்கு இரு பொருள் உண்டு. எல்லாரும் முதலாளி என்பது ஒன்று. எவரும் முதலாளியல்லர் என்பது மற்றொன்று. 1904இல் திருவல்லிக்கேணியில் கூடியவர்கள் முதற்பொருளை நினைத்தே கடை திறந்தனர். சங்கங்கள் அமைக்கும் உரிமையை 2012 முதல் நம் அரசியலமைப்பே அடிப்படை உரிமையாக ஏற்றிருக்கிறது. உரிமை ஏட்டில் இருக்கிறது. உறுப்பினர் சீட்டு நம் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. ஆண்டுப் பேரவை கூடும் நாளில் அங்கு சென்று அமர்ந்து, ‘கொள்முதல் விலை என்ன? கழிவு எவ்வளவு? ஆதாயம் எங்கே?’ என்று கேட்கும் துணிவு மட்டுமே நம்மிடம் இல்லை. அத்துணிவு வரும்போது தராசு தானே நேராகும். அதுவரை காமதேனு என்பது பெயர்ப்பலகையாகவே இருக்கும். பால் வேறு யாருக்கோ சுரக்கும்.