பங்குகளை எப்போது விற்க வேண்டும்? முதலீட்டாளர்கள் அறிய வேண்டியவை

எந்தப் பங்கை வாங்கலாம் என்று ஆராயும் முதலீட்டாளர்களில் பலர், அதை எப்போது விற்பது என்பதைத் திட்டமிடுவதில்லை. ஆனால் விற்கும்போதுதான் லாபமோ நஷ்டமோ உறுதியாகிறது.

வாங்கிய காரணம் மாறும்போது

ஒரு பங்கை வாங்கியதற்கான காரணம் இப்போதும் பொருந்துகிறதா என்பதே முதல் கேள்வி. லாபம் தொடர்ந்து குறைவது, கடன் பெருகுவது, தணிக்கையாளர் திடீரென விலகுவது, நிறுவனர்கள் தங்கள் பங்குகளை அதிக அளவில் அடகு வைப்பது ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். அடகு விவரத்தைப் பங்குச் சந்தைகளின் இணையதளங்களில் காணலாம்.

சத்யம் கம்ப்யூட்டர்ஸ் இதற்குச் சான்று. 2008 டிசம்பரில் மேட்டாஸ் நிறுவனங்களை வாங்கும் முடிவு எதிர்ப்பால் கைவிடப்பட்டது. சுயேச்சை இயக்குநர்கள் சிலர் விலகினர். கணக்கு மோசடியை 2009 ஜனவரி 7-இல் தலைவர் ராமலிங்க ராஜு ஒப்புக்கொண்டதும், பங்கு விலை ஒரே நாளில் 75 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது.

சந்தை சரியும்போது

சந்தை முழுவதும் வீழ்வது வேறு, ஒரு நிறுவனம் சீர்குலைவது வேறு. கரோனா அச்சத்தால் 2020 மார்ச் 23-இல் சென்செக்ஸ் 3,934 புள்ளிகள் சரிந்து 26,000-க்குக் கீழ் முடிந்தது. 2021 ஜனவரியில் அதே குறியீடு 50,000-ஐத் தொட்டது. அச்சத்தில் விற்றவர்கள் அந்த மீட்சியை இழந்தனர்.

அதேவேளையில், வாங்கிய விலைக்குத் திரும்பட்டும் என்று நலிந்த நிறுவனத்தின் பங்கை வைத்துக்கொண்டிருப்பதும் தவறு. 50 சதவீதம் சரிந்த பங்கு பழைய விலையை எட்ட, 100 சதவீதம் உயர வேண்டும்.

விகிதம் மாறும்போது

ஒருவர் ரூ.1 லட்சத்தில் 60 சதவீதத்தைப் பங்குகளிலும், 40 சதவீதத்தை வைப்புத்தொகையிலும் வைத்துள்ளார் எனக் கொள்வோம். வைப்புத்தொகை அப்படியே இருக்க, பங்குகளின் மதிப்பு ரூ.90,000 ஆனால், அவற்றின் விகிதம் 69 சதவீதத்தைத் தாண்டிவிடும். ரூ.12,000 மதிப்பிலான பங்குகளை விற்று வைப்பில் சேர்த்தால் பழைய விகிதம் திரும்பும். பிள்ளைகளின் கல்வி, வீடு போன்ற தேவைகள் நெருங்கும்போதும், கடைசி நாள் வரை காத்திராமல் படிப்படியாக விற்பது பாதுகாப்பானது.

வரிக் கணக்கு

2024 ஜூலை 23 முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, பட்டியலிடப்பட்ட பங்குகளை 12 மாதங்களுக்குள் விற்றால் ஆதாயத்துக்கு 20 சதவீத வரி. அதற்கு மேல் வைத்திருந்து விற்றால், ஒரு நிதியாண்டில் ரூ.1.25 லட்சத்தைத் தாண்டும் ஆதாயத்துக்கு மட்டும் 12.5 சதவீத வரி. டிமேட் கணக்கில் முதலில் வாங்கிய பங்கே முதலில் விற்றதாகக் கருதப்படும்.

குறுகிய கால நஷ்டத்தை இருவகை ஆதாயங்களிலும், நீண்ட கால நஷ்டத்தை நீண்ட கால ஆதாயத்தில் மட்டும் ஈடுசெய்யலாம். உரிய தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்தால், எஞ்சிய நஷ்டத்தை 8 ஆண்டுகள் வரை கொண்டுசெல்லலாம். எனினும், வரியை மிச்சப்படுத்தும் எண்ணத்தில் மட்டும் நலிந்த பங்கை வைத்திருந்தால், மிச்சமாகும் வரியைவிட நஷ்டம் பெரிதாகிவிடக்கூடும்.

பங்கை வாங்கும் நாளிலேயே, எந்தச் சூழலில் விற்பேன் என்பதை எழுதி வைப்பது நல்லது. விலை ஏறி இறங்கும் பரபரப்பில் அந்தக் குறிப்பே வழிகாட்டும்.