கருணைக்கு அப்பால்: பால்புதுமைப் புனைவும் வாசகரின் மெய்ப்பாடும்

திருநங்கையர், தற்பாலீர்ப்புடையோர் வாழ்வைப் பேசும் தமிழ்க் கதைகளைப் பற்றி நாம் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றி வருகின்றன: எழுதியவர் அவர்களை இழிவாகக் காட்டினாரா, பரிவோடு காட்டினாரா? தேவையான கேள்விதான். ஆனால் கதைக்கு இன்னொரு முனையும் உண்டு. அங்கே வாசகர் இருக்கிறார். அவர் சிரிக்கிறார், முகம் சுளிக்கிறார், கண் கலங்குகிறார், சில பக்கங்களை அவசரமாகப் புரட்டிப் போய்விடுகிறார். இவற்றையெல்லாம் சொந்த விருப்பு வெறுப்பு என்று ஒதுக்கிவிடுவதே ஆய்வுலகின் வழக்கமாக இருக்கிறது. புதுக்கோட்டையில் இருந்துகொண்டு இக்கதைகளை வாசித்துவரும் எனக்கு அந்த வழக்கம் சரியாகப் படவில்லை. வாசகரின் எதிர்வினை ஊரும் மேடையும் இதழும் பழக்கிவிட்ட ஒன்று. பழக்கத்தால் வந்தது பழக்கத்தால் மாறவும் கூடும். நம் பால்புதுமைப் புனைவு இதுவரை வாசகரிடம் மிகுதியாகக் கேட்டுப் பெற்றது கருணையை. அதனோடு நின்றுவிடுவது இலக்கியத்துக்கும் குறை, அந்த மனிதர்களுக்கும் குறை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1. கருவி: மெய்ப்பாட்டியல்

இந்த ஆய்வுக்கான கருவி நம்மிடமே இருக்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என, உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படும் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன்களை நந்நான்காக வகுக்கிறது. இவ்வகுப்பில் இரண்டு செய்திகள் நமக்கு முக்கியம். முதலாவது, மெய்ப்பாடு காரணமின்றிப் பிறப்பதில்லை. நகை எள்ளலாலும் பிறக்கும், பிறர் பேதைமை கண்டும் பிறக்கும். ஆகவே ஒரு கதையில் நாம் ஏன் சிரித்தோம் என்று கேட்டு விடை காண முடியும். இரண்டாவது, தொல்காப்பிய உரையாசிரியரான பேராசிரியர் தம் உரையில் அழுகையை இரண்டாகப் பிரிக்கிறார். தனக்கு நேர்ந்ததற்காகத் தான் அவலிப்பது ஒன்று. பிறர் அவலத்தைக் கண்டு அவலிப்பது மற்றொன்று. பின்னது கருணை. அழுபவர் யார், அவர் எங்கே நின்று அழுகிறார் என்று இப்பிரிவு கேட்க வைக்கிறது. பால்புதுமைப் புனைவை வாசிக்க இதைவிடக் கூரிய கேள்வி தேவையில்லை.

2. நகை

புதுக்கோட்டை இசை நாடகத்தின் ஊர். சங்கரதாஸ் சுவாமிகள் மரபில் வந்த ‘வள்ளி திருமணம்’ இன்றும் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கிறது. அதற்கான நடிகர் சங்கம் இந்நகரில் இருக்கிறது. சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்திய பாய்ஸ் கம்பெனி மேடையில் வளர்ந்து திரைக்குப் போன பி.யு. சின்னப்பா இவ்வூர்க்காரர். அந்தக் கம்பெனிகளில் பெண் வேடத்தைச் சிறுவர்களே கட்டினார்கள். புடவை கட்டி, நகை பூட்டி, குரலைக் குழைத்துப் பாடிய ஸ்திரீபார்ட்டை ஊர் மெய்ம்மறந்து பார்த்தது. அதே நாடகத்தின் இடையில் பபூன் வந்து இடுப்பை ஒடித்து நாலடி நடந்து, முந்தானையைச் சரிசெய்வதுபோல் துண்டை இழுத்துவிட்டால் கூட்டம் வெடித்துச் சிரிக்கும். பெண்மை பூண்ட ஆண் உடல் என்பது இரண்டிலும் பொது. முன்னதில் கலையாக மதிக்கப்பட்டது பின்னதில் எள்ளலுக்கு ஆளாகிறது. ஆகவே நம் சிரிப்பு அந்த உடலிலிருந்து பிறப்பதன்று. பார்வையாளரை மேடை எந்த நிலையில் உட்கார வைக்கிறது என்பதிலிருந்து பிறக்கிறது.

கி. ராஜநாராயணனின் ‘கோமதி’ சிறுகதையை இந்தப் பின்னணியில் வாசிக்க வேண்டும். பெண்கள் கூட்டத்தோடு இயல்பாகப் புழங்கும், சமையலில் கைதேர்ந்த, ஆண் ஒருவரிடம் நெஞ்சைப் பறிகொடுக்கும், ஆணாகப் பிறந்த கோமதியை அறிமுகம் செய்யும்போது கதை நம்மைச் சிரிக்க விடுகிறது. ஊர்ப்பேச்சின் தொனியிலேயே கதை நடப்பதால் வாசகரும் ஊர்த் திண்ணையில் ஓர் ஆளாக உட்கார்ந்துவிடுகிறார். போகப்போக அந்தச் சிரிப்பு வாசகருக்கே பாரமாகிறது. கோமதியின் ஆசை கேலிக்குரிய கோணங்கித்தனம் அன்று, எல்லார்க்கும் உள்ள ஆசைதான் என்று தெரிய வரும்போது, முன்பு சிரித்த இடங்களுக்குத் திரும்பிப் போய்ப் பார்க்கத் தோன்றுகிறது. இரண்டாம் முறை வாசிக்கையில் எனக்கு அந்த இடங்களில் சிரிப்பு வரவில்லை. கதை மாறவில்லை, நான் உட்கார்ந்திருந்த இடம் மாறியிருந்தது.

3. இளிவரல்

கரிச்சான்குஞ்சுவின் ‘பசித்த மானிடம்’ (1978) வாசகரை இன்னும் கடுமையாகச் சோதிக்கிறது. அழகனாகப் பிறந்த கணேசன் ஆண்களின் இச்சைக்கு இலக்காகிறான், பின்னாளில் தொழுநோயாளியாகிறான். இளிவரலுக்குத் தொல்காப்பியம் சொல்லும் காரணங்களில் பிணியும் ஒன்று. இங்கே வாசகர் மனம் ஒரு குறுக்குவழியைத் தேடும்: அந்த உறவுகளுக்கு நோய் தண்டனையாக வந்தது என்று முடிச்சுப் போட்டுவிட்டால் கதை எளிதாகிவிடும், நம் அருவருப்புக்கும் நியாயம் கிடைத்துவிடும். நாவல் அந்த முடிச்சைப் போடுவதில்லை. காமம், பணம், சோறு, மதிப்பு என எல்லாப் பசிகளையும் ஒரே வரிசையில் வைத்து, நோயுற்ற உடலோடு இருக்கும் கணேசனைத் தன்னைத் தானே அறிந்துகொள்பவனாக வளர்க்கிறது. ஆண்–ஆண் உறவைப் பேசியும் அதை விளக்கவோ மன்னிக்கவோ முற்படாத இந்த நிதானம் தமிழில் அரிது. வாசகரின் இளிவரலை மறுக்காமல், அது எங்கிருந்து வருகிறது என்று அவரையே பார்க்க வைப்பதுதான் இந்நாவலின் பெரிய சாதனை.

4. அழுகை

சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’ (1994) ஆனந்த விகடனில் தொடராக வந்து பரவலாக வாசிக்கப்பட்டது. பொறியியல் படிக்கப் போன சுயம்பு, மேகலை என்னும் திருநங்கையாகும் கதை. வீட்டாரின் அடி உதை, ஊரின் ஏச்சு, நகரங்களில் அலைச்சல், அதன்பின் உரிமைக்கான போராட்டம் என நாவல் நகர்கிறது. திருநங்கையரை வெகுமக்கள் இதழின் நடுப்பக்கத்துக்குக் கொண்டுவந்து, லட்சக்கணக்கான வீடுகளில் அவர்களைப் பற்றி மரியாதையோடு பேச வைத்த படைப்பு இது. அந்தக் கடனை நான் முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அடிபடும் சுயம்புவுக்காக அழாதவர் இருக்க மாட்டார்.

ஆனால் அந்த அழுகை பேராசிரியர் சொல்லும் இரண்டாம் வகை. பிறர் அவலம் கண்டு அவலிக்கும் வாசகர் பாதுகாப்பான கரையில் நிற்கிறார். கண்ணீர் விட்டதும் கடமை முடிந்ததுபோல் ஒரு நிறைவு வருகிறது. தாம் அழுத அந்த மனிதர் நாளை தம் தெருவில் வாடகைக்கு வீடு கேட்டால் என்ன செய்வார் என்ற கேள்விக்கு அந்தக் கண்ணீரில் விடை இல்லை. கருணை நுழைவாயிலாக இருக்கலாம். வாசிப்பு அங்கேயே தங்கிவிடக் கூடாது.

5. பெருமிதமும் உவகையும்

லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’ (2007), பிரியா பாபுவின் ‘மூன்றாம் பாலின் முகம்’ நாவல் (2008), ரேவதியின் ‘வெள்ளை மொழி’ (2011) ஆகியவற்றில் வாசகர் நிற்கும் இடம் மாறுகிறது. வித்யா மொழியியல் படித்தவர். புனே ரயில்களில் கைநீட்டியதையும் எழுதுகிறார், பால்மாற்று அறுவைக்காகக் கடப்பாவுக்குப் போன பயணத்தையும் எழுதுகிறார். அந்த அறுவையின் வலியைச் சொல்லும் இடத்திலேயே தன் உடல் தனக்குக் கிடைத்த மகிழ்ச்சியையும் சொல்கிறார். கருணைக்குப் பழகிய வாசகர் இங்கே தடுமாறுகிறார். வலிக்கு அழத் தெரியும். அந்த மகிழ்ச்சிக்கு என்ன செய்வதென்று தெரிவதில்லை. இந்தத் தடுமாற்றமே நம் வாசிப்புப் பயிற்சியின் எல்லையைக் காட்டிக் கொடுக்கிறது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. திருநங்கையர் எழுத்தில் நாம் பெரிதும் கொண்டாடுவது தன்வரலாற்றை. ‘வெள்ளை மொழி’ தமிழில் எழுதப்பட்டும், வ. கீதாவின் ஆங்கில மொழிபெயர்ப்பாக 2010இல் முதலில் வெளிவந்து, அடுத்த ஆண்டுதான் தமிழில் நூலானது. வாழ்ந்தவர் சாட்சி சொல்லட்டும், கற்பனை செய்யும் உரிமை மற்றவர்களுக்கு என்ற சொல்லப்படாத பங்கீடு ஒன்று நம்மிடையே நிலவுகிறது. பிரியா பாபுவின் நாவல் போன்ற புனைவுகளின் மொழி, கட்டமைப்பு, பாத்திர வார்ப்பு பற்றி விரிவாக விவாதித்தால்தான் அந்தப் பங்கீடு உடையும். ஒரு நாவலாசிரியருக்குரிய மதிப்பு, அவர் நாவலை நாவலாக விமர்சிப்பதில் இருக்கிறது.

6. இரு மறுப்புகள்

வதை இன்னும் தீராதபோது பெருமிதத்தையும் உவகையையும் பேசுவது வதையை மறைப்பதாகாதா என்று கேட்கலாம். ஆகாது. தறுகண்மையால் பெருமிதம் பிறக்கும் என்கிறது தொல்காப்பியம். அஞ்ச வேண்டிய ஒன்று எதிரே இருப்பதால்தான் தறுகண்மைக்குப் பொருள் உண்டு.

எதிர்வினை அந்தரங்கமானது, அதை ஆராய்ந்து என்ன பயன் என்பது இரண்டாவது மறுப்பு. பெற்றோர் எதிர்ப்பால் பாதுகாப்பு கோரி வந்த, ஒருவரையொருவர் காதலித்த இரு பெண்களின் வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தற்பாலீர்ப்பு பற்றிய தம் முன்முடிவுகளைத் தீர்ப்புரையிலேயே வெளிப்படையாகப் பதிவு செய்தார். உளவியலாளரிடம் அமர்ந்து இப்பொருளைக் கற்றுக்கொண்ட பிறகே 2021 ஜூன் 7இல் விரிவான ஆணை பிறப்பித்தார். நீதிமன்றத்தில் சான்றாகும் தன்னாய்வு இலக்கிய விமர்சனத்தில் மட்டும் ஏன் கூடாது?

7. மாவட்டம் தரும் சான்று

ஓர் ஊரின் மெய்ப்பாடு மாறுமா என்பதற்குப் புதுக்கோட்டையிடமே விடை இருக்கிறது. 1991இல் இங்கே தொடங்கிய அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில், அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தால், எழுத்தோடு சைக்கிளும் பெண்களுக்குக் கற்றுத் தரப்பட்டது. 1992 மகளிர் நாளில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் நகரை வலம் வந்ததையும், ஆரம்பத்தில் அவர்கள் கேட்க நேர்ந்த ஆபாசப் பேச்சுகளையும் செய்தியாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். பெண்கள் பின்வாங்கவில்லை. சில ஆண்டுகளில் கேலி ஓய்ந்தது. சைக்கிளில் போகும் பெண் மாவட்டத்தின் அடையாளமானாள். பெருமிதத்தின் நிலைக்களன்களில் தொல்காப்பியம் முதலில் வைப்பது கல்வியை. எள்ளலிலிருந்து பெருமிதத்துக்கு ஒரு சமூகம் நகர்ந்ததை நாங்கள் கண்முன்னே பார்த்திருக்கிறோம். அதற்குக் காரணம் பார்த்தவர்களின் இரக்கம் அன்று. பார்க்கப்பட்டவர்களின் கையில் எழுத்தும் வண்டியும் வந்ததே.

8. முடிவு

பால்புதுமைப் புனைவை மதிப்பிடும்போது மூன்று கேள்விகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: இப்படைப்பு வாசகரிடம் எந்த மெய்ப்பாட்டைக் கேட்கிறது? அவரை எங்கே நிற்க வைத்துக் கேட்கிறது? அவர் தர மறுக்கும் மெய்ப்பாடு எது? கல்லூரித் தமிழ்த்துறைகளும் ஊர்ப்புற வாசகர் வட்டங்களும் ‘கோமதி’யையோ ‘வாடாமல்லி’யையோ எடுத்துக்கொண்டு, எங்கே சிரித்தோம், எங்கே பக்கத்தைத் தள்ளினோம் என்று வாசகர்களே எழுதிவைக்கும் பயிற்சியைத் தொடங்கலாம். அப்படித் திரளும் குறிப்புகள் நம் விமர்சனத்துக்குப் புதிய தரவாகும். திருநங்கையரும் தற்பாலீர்ப்புடையோரும் எழுதும் அடுத்த நாவல், தன் உவகைக்கு உவகையால் பதில் தரத் தெரிந்த வாசகரை அப்போது எதிர்பார்க்கலாம். அந்த வாசகரை உருவாக்குவது தமிழ்க் கல்வியுலகின் பொறுப்பு.